எல்.ஓ.ஆர் (பரிந்துரைக் கடிதம்) எழுதிக் குடுத்த மூணு பேருக்கு என்ன குடுக்கறது? வாட்ச்சா, பேனாவா, வெறும் தேங்க்ஸா?

பாதிராத்திரி_பல்பு:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னிக்குதான் முதல் தடவையா கேக்கறேன், நீளமா போனா திட்டாதீங்க.

நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எம்.எஸ்க்கு 7 யுனிவர்சிட்டி அப்ளை பண்ணிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் 3 லெட்டர், ஆக மொத்தம் 21 அப்லோடு. இது இவ்ளோ பெரிய வேலைன்னு சத்தியமா எனக்கு முன்னாடி தெரியாது. ஒரே லெட்டர எழுதிட்டா எல்லா இடத்துக்கும் போயிடும்னு நெனச்சேன், ஆனா ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் தனித்தனி லிங்க் அனுப்புது, தனி பாஸ்வேர்டு, தனி ஃபார்ம், அதுல இந்தப் பையன் முதல் 5 சதவீதமா 10 சதவீதமான்னு டிக் பண்ணணும், அதுக்கப்புறம்தான் லெட்டர ஏத்த முடியும்.

எழுதிக் குடுத்தவங்க மூணு பேர்.

ஒண்ணு என் ப்ராஜெக்ட் கைடு மேடம். உக்காந்து யோசிச்சு எழுதிருக்காங்க, ரெண்டு தடவை என்னைக் கூப்பிட்டு "அந்த மூணாவது மாசம் போர்டு எரிஞ்சு போச்சே, அத எப்படி சரி பண்ணுனே, மறுபடி சொல்லு"ன்னு கேட்டாங்க. ஒரு லிங்க் ஸ்பேம்ல போய் விழுந்துடுச்சு, டிசம்பர் 15 டெட்லைன், ராத்திரி 11 மணிக்கு தேடி எடுத்து அப்லோடு பண்ணாங்க.

ரெண்டாவது சிக்னல் ப்ராசஸிங் எடுத்த சார். அமைதியான மனுஷன். கேட்டேன், "சரி"ன்னார், ரெண்டே நாள்ல முடிச்சுட்டார், அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

மூணாவது எச்.ஓ.டி, அதாவது எங்க டிபார்ட்மெண்ட் தலைவர். அவர் எங்களுக்கு க்ளாஸே எடுத்ததில்ல, ஆனா எச்.ஓ.டி லெட்டர் இருந்தா வெயிட்டா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. "நீயே டிராஃப்ட் எழுதிட்டு வா, பாத்துட்டு போடறேன்"னு சொல்லிட்டார். நானும் நெட்ல கெடச்ச ரெண்டு மூணு மாடல ஒட்டு போட்டு எழுதிக் குடுத்தேன், அதையே போட்டுட்டார்.

இப்ப பிரச்சனை என்னன்னா, அப்பா மூணு பேருக்கும் நல்ல வாட்ச் வாங்கிக் குடுக்கணும்ங்கறார். அம்மா "எல்லாருக்கும் ஒரே மாதிரி குடு, இல்லன்னா மனஸ்தாபம் வரும்"ங்கறாங்க. ஃப்ரெண்டு "எதுவும் வேணாம்டா, மெயில் போட்டா போதும்"ங்கறான். எனக்கு வாட்ச்னு கேட்டாலே என்னமோ மாதிரி இருக்கு, லஞ்சம் குடுக்கற ஃபீல். அதே நேரத்துல 21 தடவை லாகின் பண்ணவங்களுக்கு வெறும் மெயில்னா அதுவும் கேவலமா இருக்கு.

இன்னொண்ணு, மேடம் அப்லோடு பண்ண வேண்டியது இன்னும் 2 பாக்கி, ஜனவரி 15 டெட்லைன். இப்பவே ஏதாவது குடுத்தா ஞாபகப்படுத்துன மாதிரியும் ஆயிடுமா? அட்மிஷன் வந்தப்புறம் குடுக்கறதா, முன்னாடியேவா? யாராவது தெளிவா சொல்லுங்க.

---

நேர்கோடு:

எதுக்கு இவ்ளோ டென்ஷன்? அவங்க வேலை அது, சம்பளம் வாங்கறாங்க. தேங்க்ஸ் சொல்லிட்டு போய்ட்டே இருங்க. நீங்க ஒரு வாட்ச் குடுத்தா அடுத்த வருஷம் ஜூனியர் அதவிட பெருசா குடுக்கணும்னு ஆயிடும். இப்படித்தான் எல்லாம் கெட்டுப் போகுது.

---

கணக்கு_வாத்தி:

தம்பி, நான் காலேஜ்ல பாடம் எடுக்கறவன், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. லெட்டர் எழுதற பக்கத்துலேருந்து சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல நேர்கோடு சொன்னதுக்கு ஒரு வார்த்தை. பாடம் எடுக்கறது எங்க வேலை, பேப்பர் திருத்தறது எங்க வேலை. லெட்டர் எழுதறது அப்படி இல்ல சார், முடியாதுன்னு சொல்லலாம், சொல்லவும் செய்யறோம். ஒரு பையனுக்கு உருப்படியா முதல் லெட்டர் எழுத எனக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், ஏன்னா "நல்ல மாணவன், ஒழுக்கமானவன்"னு எழுதினா அத ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க, அவன் என்ன பண்ணுனான்னு ஒரு சம்பவமாவது வேணும், அது எனக்கு ஞாபகம் வரணும். அந்த மேடம் எரிஞ்சு போன போர்ட பத்தி கேட்டாங்கன்னு எழுதிருக்கியே, அங்கயே தெரியுது அவங்க எப்படி எழுதிருப்பாங்கன்னு. முதல் லெட்டர் முடிஞ்சப்புறம் மிச்சமெல்லாம் க்ளிக் வேலை, ஆனா அந்த க்ளிக் வேலைதான் மனுஷனக் கொல்லும். ஒவ்வொரு ஃபார்ம்லயும் எங்க அட்ரஸ், போன் நம்பர், எத்தனை மாசமா தெரியும், எந்த முறையில தெரியும்னு மறுபடி மறுபடி டைப் அடிக்கணும்.

சரி, உன் கேள்விக்கு வரேன். 2 அப்லோடு பாக்கி இருக்கறப்ப ஒண்ணும் குடுக்காதே. பேனாகூட வேணாம். நீ நல்ல மனசோடதான் குடுப்பே, ஆனா வாங்கறவங்க நெலமைய யோசிச்சுப் பாரு. முதல் 5 சதவீதமா 10 சதவீதமான்னு டிக் பண்ண வேண்டிய பெட்டி அவங்க முன்னாடி இருக்கு, மேஜைல உன் கிஃப்ட் இருக்கு. நேர்மையானவங்களா இருந்தா அது அவங்களுக்கு சங்கடம். என்கிட்ட ஒருத்தன் அப்படிக் கொண்டு வந்தான், ஒரு பெரிய பாக்ஸ், பிரிக்காமலே திருப்பிக் குடுத்தேன், அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு, எனக்கும் அன்னிக்கு ஃபுல்லா மனசு சரியில்ல. ஒழுங்கா முடிஞ்சப்புறம் ஒரு சின்ன கார்டோட வந்திருந்தான்னா சந்தோஷமா வாங்கியிருப்பேன்.

பாக்கி இருக்கற 2 லிங்க்க ஞாபகப்படுத்தணும்னா தாராளமா மெயில் போடு. டெட்லைனுக்கு ஒரு வாரம் முன்னாடி, யுனிவர்சிட்டி பேரு, தேதி, எந்த ஊர் நேரப்படி முடியுது, லிங்க் எந்த மெயில் ஐடிலேருந்து வந்திருக்கும், இவ்ளோதான். எங்களுக்கு அது தொல்லை இல்ல, உதவி. எங்க இன்பாக்ஸ் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.

வாட்ச் வேண்டவே வேண்டாம். அப்பாகிட்ட பக்குவமா சொல்லு.

என்கிட்ட இது வரைக்கும் சேந்த கிஃப்ட்டெல்லாம் என்னன்னு சொல்லவா? பேனா கணக்கே இல்ல. டேபிள் க்ளாக் நாலு, நாலும் நாலு நேரம் காட்டும். "உலகின் சிறந்த ஆசிரியர்"னு போட்ட மக் ஆறு, ஒரே டிபார்ட்மெண்ட்ல உலகத்துலயே சிறந்தவங்க எத்தனை பேருதான் இருக்கறது. ஒருத்தன் ஃபோட்டோ ஃப்ரேம் குடுத்தான், அதுல அவனோட ஃபோட்டோவையே போட்டு. அத எங்க மாட்டறது, வீட்லயா?

நான் பத்திரமா வெச்சிருக்கற கிஃப்ட் ஒண்ணே ஒண்ணு. ஒரு பொண்ணு, என்னோட லெக்சர் நோட்ஸ்ல இருந்த தப்பையெல்லாம் ஒரு செமஸ்டர் பூரா குறிச்சு வெச்சுட்டு, 14 தப்பு, பக்கம் நம்பரோட, சரியான விடையோட டைப் பண்ணி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் குடுத்துச்சு. முதல் பக்கத்துல "சார், தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னு எழுதியிருந்துச்சு. அந்த நோட்ஸ நான் இன்னும் யூஸ் பண்றேன். என் பாடத்த ஒருத்தி அவ்ளோ கவனமா படிச்சிருக்கான்னா அதவிட என்ன வேணும்.

---

பாதிராத்திரி_பல்பு:

சார் ரொம்ப தேங்க்ஸ். அந்த 14 தப்பு மேட்டர் சூப்பர். அப்ப கார்டு மட்டும் போதும்ங்கறீங்களா?

---

கணக்கு_வாத்தி:

கார்டு ஓகே, ஆனா கடைல அச்சடிச்சு விக்கற கார்டுல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுக்காதே. அப்புறம் அந்த ஏணி உவமை, மெழுகுவர்த்தி உவமை ரெண்டும் வேணாம். தன்னை உருக்கி வெளிச்சம் குடுத்தீங்கன்னு எழுதறதப் படிச்சுப் படிச்சு நாங்க நெஜமாவே உருகிப் போயிட்டோம்.

---

நீலக்குடை:

பல்பு தம்பி, அட்மிஷன் வந்தப்புறம் குடுக்கறதா முன்னாடியேவான்னு கேட்டிருக்கீங்க, அத யாரும் சரியா தொடல, எனக்கு அதப்பத்தி சொல்ல ஒரு கதை இருக்கு, கொஞ்சம் வெக்கமான கதைதான்.

நான் அப்ளை பண்ணப்ப 6 இடம். ஒரு சார் எனக்கு 6 லெட்டரும் போட்டார். ரிசல்ட் வந்ததும் பெருசா ஏதாவது வாங்கிட்டுப் போய் பாக்கணும்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன், அதனால அப்லோடு முடிஞ்சப்ப ஒண்ணும் பண்ணல, வாட்ஸ்அப்ல ஒரு தேங்க்யூ சார், கை கூப்பற ஸ்மைலி, அவ்ளோதான். அப்புறம் ரிசல்ட் வந்துச்சு. 6ம் ரிஜெக்ட்.

இப்ப என்ன மூஞ்ச வெச்சுட்டுப் போய் பாக்கறது? போகல. காரிடார்ல அவர் வந்தா நான் வேற பக்கம் திரும்பிடுவேன். காலேஜ் முடிஞ்சு வேலைக்கும் போயிட்டேன், சொல்லவே இல்ல. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி அப்ளை பண்ண முடிவு பண்ணேன், மறுபடி லெட்டர் வேணும், அவர விட்டா என்னைத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ஒரு வாரம் யோசிச்சு யோசிச்சு போன் பண்ணேன், "சார், போன வருஷம் எதுவும் கெடைக்கல சார், சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுடுங்க"ன்னு சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னார், "நான் எழுதுனது சரியில்லாமதான் நீ பேசறதில்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்ப்பா"ன்னு.

எனக்கு அப்படியே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் என் தோல்விய மறைக்கறேன்னு இருந்தேன், அந்த மனுஷன் ஒரு வருஷம் பூரா அத அவரோட தோல்வியா சுமந்துட்டு இருந்திருக்கார். அப்புறம் "அந்த ஃபைல் என்கிட்ட இருக்கு, நீ இப்ப என்ன வேலை பாக்கறேன்னு நாலு வரி அனுப்பு, புதுசா சேத்து எழுதறேன்"ன்னு சாதாரணமா சொல்லிட்டார்.

அதனால நான் சொல்றது, லெட்டர் எல்லாம் போய் சேந்ததும் உடனே தேங்க்ஸ் சொல்லிடுங்க, ரிசல்டுக்கு காத்திருக்காதீங்க. ரிசல்ட் வந்தப்புறம் குடுத்தா அது அட்மிஷன் கெடச்சதுக்கு குடுக்கற கூலி மாதிரி ஆயிடும், கெடைக்கலன்னா குடுக்கவும் தோணாது. அவங்க செஞ்ச வேலை அப்லோடு பண்ணப்பவே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ரிசல்ட் எது வந்தாலும், கெட்டதா இருந்தாலும், தனியா ஒரு தடவை போய் சொல்லுங்க. அது கிஃப்ட்ல சேராது, ஆனா அதுதான் அவங்க எதிர்பாக்கறது.

---

மூணாம்_மாடி:

நீலக்குடை அண்ணா, படிச்சுட்டு பழைய மெயிலெல்லாம் தேடிட்டு இருக்கேன். நானும் ரெண்டு பேருக்கு ரிசல்ட் சொல்லவே இல்ல.

---

இரவல்_புத்தகம்:

நான் ஒரு அம்மா, என் பொண்ணு போன வருஷம் யூ.ஜிக்கு அப்ளை பண்ணா, அதனால ஸ்கூல் டீச்சர்ஸ் பக்கம் கொஞ்சம் தெரியும்.

காமன் ஆப்னு இருக்கு இல்லையா, ஒரே ஃபார்ம்ல பல அமெரிக்க காலேஜுக்கு அப்ளை பண்ற சைட், அதுல டீச்சர் லெட்டர் எழுதறதோட விடாம ஒரு கட்டம் கட்டமா இருக்கற பட்டியலும் நிரப்பணும். கேள்வி ஒவ்வொண்ணுக்கும் சராசரிக்கு கீழேலேருந்து ஆரம்பிச்சு முதல் 10 சதவீதம், முதல் 5 சதவீதம், கடைசி கட்டம் "நான் இது வரைக்கும் பாத்ததுலயே மிகச் சிலர்ல ஒருத்தர்", அதாவது முதல் 1 சதவீதம். அந்த கடைசி கட்டத்துல டிக் போடறது ஒரு டீச்சருக்கு சும்மா இல்ல, அவங்க பேரு அதுல இருக்கு, எல்லாப் பிள்ளைக்கும் அதுலயே போட்டா அந்த டீச்சர் சொல்றத அடுத்த வருஷம் யாரு நம்புவா. கணக்கு வாத்தி சார் சொன்ன சங்கடம் இதுதான், கண்ணால பாத்தாத்தான் புரியும்.

இன்னொரு விஷயம், அப்ளை பண்றப்ப ஒரு கேள்வி வருமே, லெட்டரப் பாக்கற உரிமைய விட்டுக் குடுக்கறீங்களான்னு. அது அமெரிக்காவுல 1974ல வந்த ஃபெர்பா சட்டத்தால வர்ற கேள்வி. அங்க போய் சேந்தப்புறம் ஸ்டூடண்ட் தன்னோட ரெக்கார்ட கேட்டுப் பாக்கலாம், அதுல இந்த லெட்டரும் வந்துடும், அதனால முன்கூட்டியே வேணாம்னு எழுதிக் குடுத்துடறாங்க, அப்பத்தான் லெட்டருக்கு மதிப்பு. சட்டத்த விடுங்க, நான் சொல்ல வந்தது வேற. நீங்க பாக்கவே போறதில்லாத ஒரு லெட்டருக்கு நன்றி சொல்லப் போறீங்க. அதுல என்ன இருக்குன்னு தெரியாது. அதனால "நல்ல லெட்டர் எழுதினதுக்கு நன்றி"ன்னு எழுதாதீங்க, எப்படித் தெரியும் நல்ல லெட்டர்னு? நேரம் ஒதுக்கினதுக்கு, ராத்திரி 11 மணிக்கு ஸ்பேம்ல தேடினதுக்கு, க்ளாஸ்ல நடந்ததுக்கு நன்றி சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அதுதான்.

என் பொண்ணு என்ன பண்ணான்னா, இங்க்லீஷ் மிஸ் ஒரு தடவை அவ கட்டுரைல ஒரு பாராவ அடிச்சுட்டு ஓரத்துல "இது உன் குரல் இல்ல"ன்னு எழுதியிருந்தாங்களாம், அந்தப் பக்கத்த ரெண்டு வருஷமா பத்திரமா வெச்சிருந்திருக்கா, எனக்கே தெரியாது. அத ஜெராக்ஸ் எடுத்து, கீழ அதனால என்ன மாறுச்சுன்னு ஒரு பக்கம் கையால எழுதி, அத மட்டும் குடுத்தா. மிஸ் எனக்கு போன் பண்ணி அழுதுட்டாங்க. நானும் சேந்து அழுதேன், ஏன்னு கேக்காதீங்க.

---

நேர்கோடு:

சரி, நான் கொஞ்சம் வெடுக்குனு சொல்லிட்டேன். சம்பளத்துக்கு செய்யற வேலை இல்லங்கறத ஒத்துக்கறேன். ஆனா விலை ஒசந்த கிஃப்ட் வேணாம்ங்கறதுல மாறல. அதோட பல இடத்துல இதுக்கு ரூல்ஸே இருக்கு, மொதல்ல உங்க காலேஜ் ரூல்ஸ பாருங்க. உதாரணத்துக்கு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல அரசுப் பள்ளி டீச்சரும் அரசு ஊழியர்தான், அதனால 50 டாலர் அல்லது அதுக்கு மேல மதிப்புள்ள கிஃப்ட்ட ஒரு ஸ்டூடண்ட்கிட்டேருந்து வாங்கக் கூடாது. க்ளாஸே சேந்து குடுத்தா 150 டாலர் வரைக்கும் போகலாம், அதுவும் யாரு எவ்ளோ போட்டாங்கன்னு டீச்சருக்கு தெரியக் கூடாது. அந்த கடைசி கண்டிஷன கவனிங்க. யாரு குடுத்தான்னு தெரிஞ்சா மனசு சாயும்ங்கறத சட்டமே ஒத்துக்குது.

கிஃப்ட் கார்டு, வவுச்சர் எல்லாம் பணம்தான், பேரு மட்டும் வேற. அதையும் விட்டுடுங்க.

---

மூணாம்_மாடி:

மூணு பேருக்கும் ஒரே மாதிரி குடுக்கணுமாங்கறதுக்கு யாரும் பதில் சொல்லலையே? அம்மா சொல்றதுலயும் பாயிண்ட் இருக்கு, ஸ்டாஃப் ரூம்ல பக்கத்து பக்கத்து டேபிளா இருந்தா ஒருத்தருக்கு பெருசு ஒருத்தருக்கு சிறுசுன்னா நல்லாவா இருக்கும்.

---

கணக்கு_வாத்தி:

பொருள் குடுக்கறதா இருந்தா ஒரே மாதிரி குடு, மூணுமே சின்னதா. ஆனா லெட்டர் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. நாங்க பக்கத்து பக்கத்து டேபிள்தான், கார்ட மாத்தி மாத்தி படிப்போம், பேரு மட்டும் மாத்தி அதே வரின்னு தெரிஞ்சா அந்தப் பையனோட கதை அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஓடும்.

ஏதாவது உருப்படியா குடுக்கணும்னு ஆசையா இருந்தா பல்பு, உன் மேடம் லேப்ல உனக்கு அப்புறம் அதே ப்ராஜெக்ட எடுத்துச் செய்ய அடுத்த பேட்ச் வரும். நீ எழுதின கோடு, சர்க்யூட் படம், எந்த பார்ட் எங்க கெடச்சுது, போர்டு ஏன் எரிஞ்சுது, எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வெச்சுட்டுப் போ. கைடா இருக்கற எல்லாருக்கும் உள்ள வயித்தெரிச்சல் அதுதான், பசங்க ப்ராஜெக்ட முடிச்சுட்டு லேப்டாப்போட கெளம்பிப் போயிடுவாங்க, அடுத்த பேட்ச் பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும். அத விட நல்ல கிஃப்ட் எந்தக் கடைலயும் கெடைக்காது.

அப்புறம் அந்த எச்.ஓ.டி டிராஃப்ட் விஷயம். அது தப்புன்னு உனக்கே தெரியும், அதான் கேள்விக்குள்ள வேகமா சொல்லிட்டு ஓடியிருக்கே. நீயே எழுதின லெட்டர் உன் எஸ்.ஓ.பி (ஏன் படிக்க வரேன்னு நீ எழுதற கட்டுரை) மாதிரியே தொனிக்கும், ரெண்டும் ஒரே ஃபைல்ல பக்கத்துல பக்கத்துல இருக்கும், அத தெனம் நூறு படிக்கறவங்க கண்டுபிடிக்க மாட்டாங்களா? க்ளாஸ் எடுக்காத எச்.ஓ.டிய விட, லேப்ல உன்ன தெனம் பாத்த ஜூனியர் லெக்சரர் எழுதினா ஆயிரம் மடங்கு மேல். சரி, போனது போச்சு, ஜூனியர்ஸ்க்காவது சொல்லு. தப்பு பாதி அவர் மேலயும் இருக்கு. "உன் ரெஸ்யூம், மார்க், செஞ்ச வேலை பட்டியல் குடு, நான் எழுதறேன்"னுதான் கேக்கணும், அதுதான் முறை.

---

இரவல்_புத்தகம்:

ஒரு பிட் நியூஸ். உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5, 1994லேருந்து கொண்டாடறாங்க. ஏன் அந்தத் தேதின்னா 1966ல அதே நாள்ல ஆசிரியர்களோட அந்தஸ்து பத்தி யுனெஸ்கோவும் ஐ.எல்.ஓவும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) சேந்து ஒரு ஆவணம் ஏத்துக்கிட்டாங்க. அந்த ஆவணத்துக்கு என்ன பேரு தெரியுமா? பரிந்துரை! டீச்சர்ஸ்க்கு உலகமே சேந்து எழுதின ரெகமண்டேஷன். அதுவும் லெட்டர் கேட்டு எல்லாரும் க்யூல நிக்கற சீசன்லயே அந்த நாள் வருது.

---

நீலக்குடை:

லெட்டர் எழுதறதுக்கு கூச்சமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. "ஓவரா இருக்குமோ, இங்க்லீஷ் சரியில்லையோ, சிரிப்பாங்களோ"ன்னு. இதப்பத்தி ஒரு ஆராய்ச்சியே இருக்கு, அமித் குமார், நிக்கோலஸ் எப்லினு ரெண்டு பேர் 2018ல வெளியிட்டது. ஆளுங்கள நன்றிக் கடிதம் எழுத வெச்சு, வாங்கறவங்க எப்படி ஃபீல் பண்ணுவாங்கன்னு முன்னாடியே கணிக்கச் சொல்லியிருக்காங்க, அப்புறம் வாங்கினவங்ககிட்டயே போய் கேட்டிருக்காங்க. எழுதினவங்க கணிச்சத விட வாங்கினவங்களுக்கு சந்தோஷமும் ஆச்சரியமும் அதிகம், சங்கடம் கம்மி. எழுதறவன் வார்த்தை சரியா வந்துச்சான்னு மண்டைய ஒடச்சுக்கறான், வாங்கறவங்க அத கண்டுக்கறதே இல்ல, அதுல இருக்கற அன்பத்தான் பாக்கறாங்க. அதனால இலக்கணம் பாக்காம எழுதுங்க. தமிழ்லயே எழுதலாமே?

---

பாதிராத்திரி_பல்பு:

எல்லாருக்கும் தேங்க்ஸ், லேட்டா வரேன், செமஸ்டர் எக்ஸாம் ஓடிட்டு இருந்துச்சு. என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

அப்பாகிட்ட வாட்ச் வேணாம்னு சொல்ல ரெண்டு நாள் ஆச்சு. "மரியாதையா இருக்காதேடா"ன்னார். நேர்கோடு அண்ணா சொன்ன 50 டாலர் ரூல்ஸ காட்டினேன், அது என்னமோ கேஸ் ஆயிடும் போலன்னு பயந்து போய் விட்டுட்டார்.

மேடம்க்கு ஜனவரி 8ம் தேதி மெயில் போட்டேன், கணக்கு வாத்தி சார் சொன்ன மாதிரியே தேதி, நேரம், மெயில் ஐடி எல்லாம் போட்டு. அன்னிக்கு மத்தியானமே ரெண்டையும் முடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம்தான் உக்காந்து மூணு லெட்டர் எழுதினேன், கையால, தமிழ்ல. மேடம் லெட்டர் மூணு பக்கம் போயிடுச்சு. அதோட ப்ராஜெக்ட் ஃபைல், 40 பக்கம், போர்டு எரிஞ்ச கதைக்கே தனி சேப்டர். மேடம் லெட்டர பைக்குள்ள வெச்சுட்டாங்க, என் முன்னாடி படிக்கல, ஆனா அந்த ஃபைல அங்கயே பிரிச்சு உக்காந்துட்டாங்க, பார்ட் லிஸ்ட்ல ஒரு ரெசிஸ்டர் வேல்யூ தப்பா போட்டிருக்கேன்னு கண்டுபிடிச்சு திருத்தச் சொல்லி திருப்பிக் குடுத்துட்டாங்க. அடுத்த நாள் திருத்திக் குடுத்தேன்.

சிக்னல் ப்ராசஸிங் சார்கிட்ட குடுத்தப்ப ரொம்ப பயமா இருந்துச்சு, ஏன்னா அவர்கூட நான் பேசினதே கம்மி. அவர் ஒரு தடவை க்ளாஸ்ல போர்டு ஃபுல்லா எழுதின டெரிவேஷன் தப்பாப் போய், "எனக்கு எங்க தப்பாச்சுன்னு தெரியல, நாளைக்கு சொல்றேன்"ன்னு சொல்லிட்டு அடுத்த நாள் வந்து முழுசா மறுபடி போட்டார், அன்னிக்குதான் எனக்கு அந்த சப்ஜெக்ட் பிடிச்சுது. அத எழுதியிருந்தேன். படிச்சுட்டு கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். "அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல, தெரியுமா"ன்னார். அவர் என்கிட்ட பேசினதுலயே அதான் நீளமான வாக்கியம்.

எச்.ஓ.டிக்கு என்ன எழுதறதுன்னே தெரியல, பொய் எழுதவும் மனசு வரல. அதனால உண்மையையே எழுதினேன், சார், உங்க க்ளாஸ்ல நான் இருந்ததில்ல, என்னை உங்களுக்கு அதிகம் தெரியாது, இருந்தும் 7 தடவை எனக்காக லாகின் பண்ணீங்க, லேப் ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கணும்னு ஆர்டர் போட்டது நீங்கதான்னு அட்டெண்டர் அண்ணா சொன்னார், அது இல்லன்னா என் ப்ராஜெக்ட் முடிஞ்சிருக்காதுன்னு. அவர் நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சார். படிச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாத்து, "இத நீதான் எழுதினியா"ன்னார். ஆமா சார்ன்னேன். "அப்ப அந்த டிராஃப்ட்ட எழுதினது யாரு"ன்னு கேட்டார்.

என்னால பதில் சொல்ல முடியல.

---

நேர்கோடு:

ஹாஹாஹா செத்தேன்.

---

கணக்கு_வாத்தி:

அந்த எச்.ஓ.டிய எனக்குப் பிடிச்சுப் போச்சு. அடுத்த வருஷம் டிராஃப்ட் கேக்க மாட்டார்னு நெனக்கறேன்.

பல்பு, ரிசல்ட் வர ஆரம்பிச்சிருக்குமே இந்நேரம்? வந்தா அந்த மூணு பேருக்கு சொல்லிட்டு அப்புறம் இங்க வந்து சொல்லு.

---

பாதிராத்திரி_பல்பு:

இன்னிக்கு காலைல முதல் ரிசல்ட் வந்துச்சு சார். ரிஜெக்ட். ரொம்ப ஆசப்பட்ட இடம். மத்தியானம் வரைக்கும் யார்கிட்டயும் பேசல, அப்புறம் நீலக்குடை அண்ணா சொன்னது ஞாபகம் வந்து மூணு பேருக்கும் மெசேஜ் போட்டுட்டேன். சார் ரெண்டு பேரும் இன்னும் பாக்கல. மேடம்கிட்டேருந்து உடனே வந்துச்சு.

"பாத்தேன். இன்னும் 6 இருக்கு. அந்த ரெசிஸ்டர் இன்னும் தப்பாத்தான் இருக்கு, நாளைக்கு லேபுக்கு வா."